அளவுகோலும் அறமும்: திருநம்பியரின் உடற்கவலையை அளத்தல் பற்றிய ஒரு மெய்யியல் நோக்கு

மனிதன் உலகை அளக்கத் தொடங்கியபோது முதலிற் கைக்கொண்ட அளவுகோல் அவனுடைய உடலே. விரற்கடை, சாண், முழம், பாகம், அடி என்னும் நீட்டலளவைப் பெயர்கள் யாவும் உடலிலிருந்து பிறந்தவை. அவ்வளவைகளுள் ஒரு நுட்பமும் உண்டு. ஒவ்வொருவரும் தத்தம் கையால் அளக்குமிடத்து மனித உடம்பு எண்சாணே என்பது தமிழர் வழக்கு. நெடியவர்க்கும் எட்டு, குறியவர்க்கும் எட்டு. ஆயின் ஒருவருடைய உடம்பை இன்னொருவர் கைச்சாணால் அளந்தால் எட்டு ஏழாகலாம், ஒன்பதும் ஆகலாம். குறை அளக்கப்பட்டவரின் உடம்பிலுள்ளதா, அளந்தவரின் கையிலுள்ளதா என்னும் வினா அப்போது எழுகின்றது. அளந்து பெற்ற எண்ணைக் கொண்டு ஒருவருக்கு நோயாளி என்று பெயரிடுவதும், அவர் வேண்டும் சிகிச்சையை வழங்குவதும் மறுப்பதும் நிகழுமாயின் இவ்வினா கணித வினாவாக நில்லாது அறவினாவாகின்றது.

அண்மைக்கால உளவியலில் இவ்வறவினா கூர்மையாக எழும் இடங்களுள் ஒன்று, திருநம்பியரின் உடற்கவலையை அளக்கும் முயற்சியாகும். பிறப்பிற் பெண் எனப் பதியப்பட்டுத் தம்மை ஆணாக உணர்ந்து வாழ்வோரே திருநம்பியர். இவர்களுட் பலர் தம் உடலின் வடிவு குறித்தும், தசையின் அளவு குறித்தும் ஆழ்ந்த கவலை கொள்கின்றனர். அக்கவலையை அளப்பதற்கு இன்று கையிலுள்ள கருவிகளிற் பெரும்பாலானவை வேறொரு கூட்டத்தாரை நோக்கி ஆக்கப்பட்டவை. அக்கருவிகள் இவர்களிடத்துத் தரும் எண்ணுக்குப் பொருள் யாது? அந்த எண்ணை நம்பிச் செயற்படுவது நேர்மையாகுமா? இவ்விரு வினாக்களும் ஒன்றையொன்று பற்றி நிற்பன.

கருவிகளின் பிறப்பை முதலில் நோக்குதல் பொருத்தமாகும். 1993ஆம் ஆண்டு ஐக்கிய அமெரிக்க உளமருத்துவர் ஹரிசன் போப்பும் அவருடைய துணைவரும் உடற்கட்டுப் பயிற்சியில் ஈடுபட்ட 108 ஆடவரை ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்களுள் 9 பேரிடம் ஒரு விந்தையான மனநிலை காணப்பட்டது. பருத்துத் திரண்ட உடம்பினராயிருந்தும் அவர்கள் தம்மை மெலிந்தவராகவும் வலுவற்றவராகவும் கருதினர். எலும்பும் தோலுமாய் இருந்தும் தன்னைப் பருத்தவராகக் காணும் உணவு மறுப்பு நோய்க்கு இது நேர் எதிரானது என்பதால், அந்நோயின் மறுதலை என்றே முதலிற் பெயரிட்டனர். 1997இல் இது தசை உருத்திரிபுணர்வு என்னும் தனிப்பெயர் பெற்றது. 2013இல் வெளியான அமெரிக்க உளமருத்துவச் சங்கக் கைந்நூலின் ஐந்தாம் பதிப்பு இதனை உடலுருத்திரிபுக் கோளாற்றின் ஒரு வகையாக வைத்தது.

நோய்க்குப் பெயர் வந்ததும் அளவுகோல்களும் வந்தன. 2000ஆம் ஆண்டில் மக்ரீரி, சாசு என்போர் தசை வேட்கையை அளக்க 15 கூற்றுக்கள் கொண்ட வினாக்கொத்தொன்றை ஆக்கினர். 2004இல் ஹில்டிபிரான்ட்டும் துணைவரும் தசை உருத்திரிபுணர்வை அளக்க 13 கூற்றுக்கள் கொண்ட பிறிதொன்றை வெளியிட்டனர். இப்பின்னையதில் ஒவ்வொரு கூற்றுக்கும் ஒன்று முதல் ஐந்து வரை எண்ணிடப்படும். ஆகவே பெறக்கூடிய மிகக் குறைந்த எண் 13, மிகக் கூடியது 65. பருமனை நாடும் வேட்கை, தன் தோற்றத்தைத் தாங்க முடியாமை, அன்றாட வாழ்வு குலைதல் என மூன்று கூறுகள் இதனுள் அடங்கும். 39 என்னும் எண்ணை எல்லையாகக் கொண்டு அதற்கு மேற்பட்டோரை ஐயத்துக்குரியவராகக் கருதிய ஆய்வுகளும் உள. பளு தூக்கும் ஆடவரை மனத்திற்கொண்டு உருவாகிய இக்கருவி, பின்னர் ஐக்கிய அமெரிக்காவின் பிரைட் ஆய்வு போன்ற பெருந்தொகுதி ஆய்வுகளின் வழியாகத் திருநம்பியரிடத்தும் பயன்படுத்தப்பட்டது.

இனி, அக்கருவியின் கூற்றுக்கள் சிலவற்றைத் திருநம்பியர் ஒருவரின் முன் வைத்துப் பார்த்தல் வேண்டும். பிறர் தன் உடலைக் காணாதவாறு தளர்ந்த ஆடை அணிவதுண்டா என ஒரு கூற்று வினவுகின்றது. மேற்சட்டையின்றிப் பிறர் முன் நிற்க நாணுவதுண்டா என இன்னொன்று வினவுகின்றது. உடற்கட்டுப் பயிற்சியாளர் ஒருவர் இவற்றுக்கு ஆம் என்றால், திரண்ட மார்பையும் தோளையும் போதாதவை என்று எண்ணி மறைக்கின்றார் என்பது பொருள். மார்புச் சத்திரசிகிச்சை பெறாத திருநம்பியர் ஒருவர் ஆம் என்றால், அவர் மறைப்பது தசைக் குறைவை அன்று. தன்னைப் பெண் என்று பிறர் கொள்ளச் செய்யும் மார்பையே. சட்டையைக் கழற்றினால் அவருக்கு நேரக்கூடியது வெறும் நாணமன்று. இழிசொல், சிலவேளை அடியும் உதையும். இருவரும் ஐந்து என்னும் எண்ணையே இடுகின்றனர். தாளில் இரண்டு ஐந்துகளும் ஒன்றே. வாழ்விலோ அவை இரு வேறு செய்திகள்.

அளவையியல் பயில்வோர்க்கு இது பழக்கமான சிக்கலே. புகையைக் கண்டு நெருப்பை அனுமானிக்கலாம். ஆயின் அதிகாலையிற் குளத்தின் மேற் படியும் பனிமூட்டமும் தூரத்திற் புகையாகத் தோன்றும். பனியைப் புகையென்று கொண்டவர் நெருப்பைத் தேடிக் குடத்துடன் ஓடுவார். உளவியல் அளவீட்டிற் பேசப்படும் நம்பகம், தகுதி என்னும் இரண்டும் இவ்விடத்தே வேறுபடுகின்றன. ஒரு கருவி மீண்டும் மீண்டும் ஒரே வகையான எண்ணைத் தருமாயின் அது நம்பகமுடையது. அளப்பதாகச் சொல்வதையே அளக்குமாயின் அது தகுதியுடையது. 1955இல் குரொன்பாக், மீல் என்போர் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, தகுதி என்பது கருவியோடு பிறந்த பண்பன்று என்பதையும், எண்ணுக்கு நாம் தரும் விளக்கத்தையே அது சார்ந்துள்ளது என்பதையும் உணர்த்தியது. காரணிப் பகுப்பாய்வில் மேற்சொன்ன மூன்று கூறுகளும் திருநம்பியரிடத்தும் ஒழுங்காக அமைந்தன என்று காட்டினாலும், கூற்றுக்கள் ஒன்றோடொன்று இணைந்து செல்கின்றன என்பதே அதனாற் பெறப்படும். இணைந்து செல்வன யாவும் ஒரே காரணத்தால் இணைந்தன என்பது அதனாற் பெறப்படாது. பனித்துளிகளும் ஒன்றாகத்தான் எழுகின்றன.

இச்சிக்கலின் வேர் நோயின் வரைவிலக்கணத்திலேயே உள்ளது. உடலுருத்திரிபுக் கோளாறு என்பது, பிறர் கண்ணுக்குப் புலப்படாத அல்லது மிக அற்பமாகத் தோன்றும் குறையொன்றைப் பற்றி இடையறாது வருந்துவதாகும். நம்பிக்கைக்கும் மெய்ம்மைக்கும் இடையிலுள்ள பிளவே இங்கு நோயின் அடையாளம். திருநம்பியரின் நிலை இதுவன்று. தன் இடை அகன்றது, தோள் ஒடுங்கியது, மார்பு ஆண் மார்பன்று என அவர் கூறும்போது அவர் காண்பது உள்ளதையே. தமிழில் மெய் என்னும் சொல் உடலையும் உண்மையையும் ஒருங்கே குறிக்கும். தன் மெய்யைப் பற்றி மெய்யே கூறுபவரை மருட்சியுடையவர் எனல் எவ்வாறு பொருந்தும்?

ஆயின் வாதம் இவ்வளவில் முடிந்துவிடுமாயின் அது எளிய வாதமாகிவிடும். தெஸ்தோஸ்தெரோன் என்னும் ஓமோனைப் பெறும் திருநம்பியரின் குரல் தடிக்கின்றது. முகத்தில் மயிர் அரும்புகின்றது. கொழுப்புப் படியும் இடங்கள் மாறுகின்றன. தசையும் வலுவும் பெருகுகின்றன. இம்மாற்றங்கள் மாதங்களில் தொடங்கி ஆண்டுகளில் நிறைவெய்துவன. இவ்வாறு ஆண்டுகள் பல கடந்து, தெருவிற் காண்போர் யாவரும் ஐயமின்றி ஆணென்று கொள்ளும் நிலையை அடைந்த ஒருவர், கண்ணாடியில் இன்னும் தன் பழைய தோளையே காண்கிறார் எனக் கொள்வோம். பளுவைக் கூட்டிக் கூட்டி மூட்டு நோகத் தூக்குகிறார். ஒருநாட் பயிற்சி தவறினாலும் உறக்கமிழக்கிறார். முன்னர் உண்மையாயிருந்த கூற்று, உடல் மாறிய பின்னும் மாறாது நின்று இப்போது பொய்யாகியுள்ளது. உளைச்சல் எங்கே முடிந்தது, உருத்திரிபு எங்கே தொடங்கியது? எந்த வினாக்கொத்தும் இதற்கு ஒரு கோடு கீறித் தர இயலாது. இரண்டும் ஒரே உள்ளத்தில் ஒருங்கே வாழலாம் என்பதை ஒப்புக்கொள்வதே நேர்மையாகும்.

அடுத்து எழுவது, யாரோடு ஒப்பிட்டு அளப்பது என்னும் வினா. பெல்ஜிய வானியலாளர் கெற்லே 1835இல் வெளியிட்ட நூலிலே சராசரி மனிதன் என்னும் கருத்தை முன்வைத்தார். ஸ்கொத்லாந்துப் போர்வீரர் 5,000க்கு மேற்பட்டோரின் மார்புச் சுற்றளவுகளை அவர் பின்னர் ஆராய்ந்தார். வான்கோள்களை நோக்குவதில் நேரும் பிழைகள் எவ்வாறு ஒரு நடு எண்ணைச் சூழ்ந்து பரவுமோ, அவ்வாறே மனித மார்புகளும் பரவியிருக்கக் கண்டார். இவ்வொப்புமையில் ஓர் அபாயம் ஒளிந்திருந்தது. நடு எண் இயற்கையின் இலக்காயிற்று. அதிலிருந்து விலகிய உடல்கள் இயற்கையின் பிழைகளாயின. சராசரி என்னும் விவரணம் ஓசையின்றி இலட்சியம் என்னும் கட்டளையாகியது. பிரெஞ்சு மெய்யியலாளர் கங்கிலேம் 1943இல் எழுதிய ஆய்விலே இம்மயக்கத்தையே கண்டித்தார். அடிக்கடி காணப்படுவது வேறு, நலமாயிருப்பது வேறு. உயிர் தன் சூழலில் தனக்கென நெறிகளை ஆக்கிக்கொள்ளும் ஆற்றலே நலம் என்பது அவர் கருத்து.

திருநம்பியரைப் பிற ஆடவரின் சராசரியோடு ஒப்பிட்டால் அவர் குறைந்தவராவார். பெண்களின் சராசரியோடு ஒப்பிட்டால் அவர் மிகைப்பட்டவராவார், அவமதிக்கப்பட்டவரும் ஆவார். ஆகவேதான் பிரைட் ஆய்வினர் போன்றோர் திருநம்பியர்க்கெனத் தனிச் சராசரிகளைக் கணித்து வெளியிட முற்பட்டனர். இது பாராட்டத்தக்க முயற்சி. எனினும் கெற்லேயின் அபாயம் இங்கும் தொடரும். துன்பம் மலிந்த ஒரு கூட்டத்தின் சராசரித் துன்பத்தை இயல்பு என்று கொண்டுவிட்டால், எல்லோரும் நனைந்திருக்கும் வீட்டிற் கூரை ஒழுகுவதே தெரியாது போய்விடும்.

இவ்விடத்து, அளப்பதையே கைவிடுதல் நன்றன்றோ எனச் சிலர் வினவலாம். அவர்கள் பக்கத்தில் வரலாற்றுச் சான்றுகள் உள. முதலாம் உலகப் போரின்போது ஐக்கிய அமெரிக்கப் படையிற் சேர்ந்த ஏறக்குறைய 17 இலட்சம் பேருக்கு நுண்மதிச் சோதனை நடத்தப்பட்டது. அமெரிக்க வணிகப் பொருள்களையும் விளையாட்டுக்களையும் பற்றிய வினாக்களும் அதில் இருந்தன. அண்மையிற் குடியேறியோர் அவற்றிலே தவறினர். அறிவிற் குறைந்தோர் என எழுதப்பட்டனர். பிழை கேட்டவரிடத்து இருந்தது. பழி கேட்கப்பட்டவரைச் சார்ந்தது. திருநம்பியரின் வரலாற்றிலும் இதற்கு இணையான நிகழ்ச்சி உண்டு. 1951இல் பிறந்து 1991இல் மறைந்த அமெரிக்கரான லூ சலிவன், தாம் ஆடவரை விரும்பும் ஆடவர் என்பதை ஒளிக்காது கூறியமையால், ஒரு பல்கலைக்கழகச் சிகிச்சைத் திட்டம் அவரை ஏற்க மறுத்தது. ஆணாக விரும்புபவர் பெண்ணையே விரும்புவார் என்பது அக்காலத்து அளவுகோல். பொய்யுரைத்திருப்பின் கதவு திறந்திருக்கும். ஓர் அளவுகோல் வாயிற்காவலனாகும்போது, அளக்கப்படுவோர் அது கேட்க விரும்பும் விடையைக் கற்றுக்கொள்வர். அவ்விடைகளைக் கொண்டே அளவுகோல் தன்னை மெய்ப்பித்துக்கொள்ளும். மனிதரை வகைப்படுத்தும் சொற்கள் அம்மனிதரை மாற்றுகின்றன, மாறிய மனிதர் அச்சொற்களை மாற்றுகின்றனர் என இயன் ஹக்கிங் என்னும் மெய்யியலாளர் விளக்கிய சுழற்சி இதுவே.

ஆயினும் அளவாமையும் ஓர் அநீதியே என்பது மனங்கொள்ளத்தக்கது. 2015இல் வெளியான ஓர் ஆய்வு ஐக்கிய அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர் 289,024 பேரின் விடைகளை நோக்கியது. அவர்களுள் தம்மைப் பால்மாறியோர் எனக் குறித்தோர் 479 பேரே. உணவுக் கோளாறு உள்ளதென மருத்துவர் கூறியதாக விடையளித்தோரின் விகிதம் அச்சிறு தொகுதியிலேயே மிகக் கூடுதலாக இருந்தது. எண்ணாது விட்டிருப்பின் இவர்கள் படும் துன்பம் எவர் கண்ணிலும் பட்டிராது. எண்ணிய அவ்வாய்விலும் திருநம்பியரும் திருநங்கையரும் ஒரே தொகுதியாகவே அமைந்தனர். மெலிய விரும்பியவர் யார், தசை பெருக்க விரும்பியவர் யார் எனப் பிரித்தறிய வழியில்லை. இடையின் வளைவை ஒழிக்கப் பட்டினி கிடப்பவரும், மாதவிடாயை நிறுத்த உணவைக் குறைப்பவரும், மருத்துவர் கண்காணிப்பின்றி மருந்தின் அளவைக் கூட்டுபவரும் உண்மையான ஆபத்திலுள்ளனர். இது பாலின உளைச்சலே, நோயன்று என்று கூறி அவர்களை விட்டுவிடுவதும் கைவிடுதலே. எல்லாவற்றையும் நோய் என்பது ஒருவகைக் கொடுமை. எதையும் நோயெனக் காண மறுப்பது இன்னொரு வகைக் கொடுமை. இவ்விரண்டிடையே நடப்பதற்கே நல்ல அளவுகோல் வேண்டப்படுகின்றது.

இன்னொரு தடையையும் எதிர்கொள்ளல் வேண்டும். திரண்ட தோளே ஆண்மை என்பது சமூகம் வார்த்த அச்சு. போர்வீரன் உருவிலமைந்த விளையாட்டுப் பொம்மைகளின் புயங்கள் 1960கள் முதல் 1990கள் வரை எவ்வாறு பருத்து வந்தன என்பதை ஹரிசன் போப்பே 1999இல் அளந்து காட்டினார். இவ்வச்சுக்குள் தன்னை ஊற்றிக்கொள்ள முயலும் திருநம்பியர் ஆணாதிக்கத்துக்கே அடிபணிகின்றார் அல்லரோ? இவ்வினாவிற் பொருள் இல்லாமல் இல்லை. ஆயின் இது திருநம்பியரை மட்டும் நோக்கிக் கேட்கப்படும்போது நடுநிலை இழக்கின்றது. அதே அச்சில் தன்னை ஊற்றிக்கொள்ளும் மற்றை ஆடவரிடம், இவ்விருப்பம் உண்மையில் உன்னுடையதா என எவரும் சான்று கேட்பதில்லை. அவருக்கு ஆண்மை ஐயமின்றி வழங்கப்பட்டது. இவரோ நாள்தோறும் அதனை மெய்ப்பிக்க வேண்டியவர். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்துப் பெண்கள் படகோட்டக் கழகத்தில் முன்னணியில் நின்றவரும், பின்னர் தெஸ்தோஸ்தெரோனும் சத்திரசிகிச்சையும் பெற்று ஆணாக வாழ்ந்து மருத்துவரானவருமாகிய மைக்கல் டிலன், ஒழுக்கவியலையும் ஓமோனியலையும் ஒருங்கே பேசும் ஒரு நூலை 1946இல் வெளியிட்டார். உள்ளத்தை உடலுக்கேற்ப மாற்றல் இயலாதெனின் உடலை உள்ளத்துக்கேற்ப மாற்றுதலே தக்கது என்பது அந்நூலின் சாரம். அவர் வேண்டியது பிறரை விஞ்சும் உடம்பையன்று. தன்னைத் தானென்று பிறர் அறியும் உடம்பையே.

ஆகவே விருப்பம் எங்கிருந்து வந்தது என்னும் வினாவினும், அது வாழ்வை என் செய்கின்றது என்னும் வினாவே பயனுடையது. பயிற்சியாற் பெற்ற உடம்பு ஒருவரை நண்பரிடத்தும் தொழிலிடத்தும் கடற்கரையிடத்தும் கொண்டு சேர்க்குமாயின் அது விடுதலை. நட்பையும் தொழிலையும் உணவையும் ஒவ்வொன்றாக விழுங்கித் தன்னையே கேட்டு நிற்குமாயின் அது சிறை. மேற்கூறிய வினாக்கொத்தின் மூன்றாங் கூறாகிய வாழ்வு குலைதல் இவ்வுண்மையை ஓரளவு தொடுகின்றது. எனினும் அங்கும் ஏன் என்னும் வினா வேண்டும். நண்பரின் விருந்துக்குச் செல்லாதவர் பயிற்சியை விட மனமின்றிச் செல்லாதிருக்கலாம். அங்கே பழைய பெயரால் அழைப்பர் என்று அஞ்சியும் செல்லாதிருக்கலாம். முன்னதற்கு மருந்து அவரிடத்து. பின்னதற்கு மருந்து அந்நண்பரிடத்து.

இவற்றிலிருந்து சில முடிபுகள் பெறப்படும். முதலாவது, வினாக்களை ஆக்குமிடத்தே அளக்கப்படுவோரும் அமர்ந்திருத்தல் வேண்டும். லின்ட்கிரன், போலி என்போர் 1975இல் வெளியிட்ட உடற்படிம அளவுகோல் 30 உடற்கூறுகளைத் தனித்தனியே பெயரிட்டு வினவியது. கவலை மார்பிலா, இடையிலா, புயத்திலா என அறிய அவ்வழி இன்றும் பயன்படும். இரண்டாவது, எண்ணைக் காலத்தோடு சேர்த்து வாசித்தல் வேண்டும். சிகிச்சைக்கு முன் பெற்ற 45உம் அதன்பின் ஐந்தாண்டு கழித்துப் பெற்ற 45உம் ஒன்றல்ல. மூன்றாவது, எண் உரையாடலைத் தொடங்கி வைக்கலாம். கதவை அடைத்தல் ஆகாது. 2019இல் ஏற்கப்பட்டு 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாடு, பாலின இசைவின்மையை மனநோய்ப் பகுதியினின்று நீக்கிப் பாலியல் நலப் பகுதியிற் சேர்த்தமை, அளவுகோல்களும் திருந்தக்கூடியவை என்பதற்குச் சான்றாகும்.

காட்சி, கருதல், உரை என அளவைகளை மூன்றாக வகுத்தனர் நம் முன்னோர். மருத்துவர் கண்ணாற் காண்பது காட்சி. எண்களைக் கொண்டு அனுமானிப்பது கருதல். இவ்விரண்டும் தேர்ந்த இக்காலத்தில் மூன்றாவதாகிய உரையே, அஃதாவது அறிந்தார் கூற்றே, மெலிந்துள்ளது. ஓர் உடம்பினுள் வாழ்தல் எத்தகையது என்பதை அவ்வுடம்பினுள் வாழ்பவரினும் அறிந்தார் யார்? அவர் உரையும் சிலவேளை தவறலாம். காட்சியும் கருதலும் தவறுவதில்லையா? மூன்றும் ஒன்றையொன்று திருத்துமிடத்தே அறிவு பிறக்கின்றது. பிறர் கைச்சாணால் ஓர் உடம்பை அளந்து ஏழு என்று எழுதிவைக்குமுன், அவ்வுடம்புக்குரியவரிடம் அவர் கையை ஒருமுறை நீட்டச் சொல்லுதல் அளப்பவரின் முதற் கடமையாகும்.